மூச்சுக்குழாய் இயல்பு

மூச்சை இழுத்துப் பிடியுங்கள் என்கிறது இயந்திரத்தில் பதிந்துவைத்த பெண் குரல், உள்ளே கட்டிலில் படுத்திருக்கிறவளால் பிடிக்க முடியவில்லை, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிற எனக்கே தெரிகிறது, மேலே போர்த்திய பச்சைத் துணி ஏறி ஏறி இறங்குகிறது, படம் எடுக்கிற பேச்சிமுத்து பொத்தானை அழுத்திக்கொண்டு, “அக்கா, பத்தே செகண்டு, அசையாம இருங்க, முடிஞ்சிரும்” என்று கெஞ்சுகிறார். உள்ளேயிருக்கிற ஒலிவாங்கி அவள் மூச்சை இங்கே கொண்டுவந்து போடுகிறது. இழுக்கும்போது ஒரு சத்தம், கிழிந்த துணியை யாரோ மெதுவாக மேலும் கிழிப்பதுபோல, விடும்போது அவ்வளவு இல்லை, இழுக்கும்போதுதான். இழுக்கும்போது சத்தம் வந்தால் அடைப்பு மேலே, விடும்போது வந்தால் கீழே, இது படிக்கிற காலத்தில் மனப்பாடம் செய்தது, அதற்குப்பிறகு எனக்குத் தேவைப்படவில்லை, நான் யாருடைய மூச்சையும் கேட்பதில்லை. பதினோரு வருடமாக இந்த ஸ்கேன் சென்டரில் படம் பார்த்து எழுதுகிறேன், டாக்டர் ஹெப்சிபா என்று கீழே கையெழுத்து, ஒரு நாளைக்கு நாற்பது பேர், ஆனால் அவர்களுடைய ஈரலும் எலும்பும்தான் எனக்குப் பழக்கம், முகம் யாருடையதும் ஞாபகமில்லை. இன்று என் அறையில் ஏசி ஓடவில்லை, மெக்கானிக் மதியம் வருவான், அதனால்தான் இங்கே பேச்சிமுத்துவின் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து இந்தச் சத்தத்தைக் கேட்கவேண்டியிருக்கிறது. ஏன் இவளை முன்பே அனுப்பவில்லை, படுக்கவைத்தாலே திணறுகிறவளை எப்படி இத்தனை நாள் வைத்திருந்தார்கள், வீட்டில் ஆள் இல்லையா என்று எனக்குக் கோபம் வருகிறது. கோபம் நல்லது. கோபப்படுகிறவள் தவறு செய்யாதவள் மாதிரி உட்கார்ந்திருக்கலாம்.

படங்கள் வரத் தொடங்குகின்றன. மூக்கில் தொடங்கி நெஞ்சு வரைக்கும், ரொட்டியை நறுக்குவதுபோல ஒவ்வொரு வில்லையாக, நான் மவுஸின் சக்கரத்தை உருட்டுகிறேன். இரண்டு நாசியிலும் காற்று இருக்கவேண்டிய இடத்தில் சாம்பல் நிறச் சதை, எலும்பைத் தின்னாத சதை, சும்மா அடைத்துக்கொண்டு நிற்கிறது. கீழே இறங்குகிறேன். தொண்டை, குரல் நாண்கள், அதற்குக் கீழே மூச்சுக்குழாய் ஆரம்பிக்கிற இடம், ஒரு சுண்டுவிரல் போகிற அளவுக்கு இருக்கவேண்டிய கறுப்பு வட்டம் ஒரு கீற்றாக நிற்கிறது, அளவுகோலை வைத்தால் நான்கு மில்லிமீட்டர். நான்கு. குழந்தைகள் ஜூஸ் குடிக்கிற குழல் அது. ஒரு பெரிய மனுஷி அதன் வழியாக உயிர் வாழ்ந்துகொண்டிருக்கிறாள். சுவர் முழுக்க மேடு பள்ளம், அந்த மேடுகளுக்கு நடுவில் சின்னச் சின்னக் குழிகளில் காற்று, கறையான் அரித்த மரம்போல. அந்தக் குழிகளைப் பார்த்ததும் என்னுள் ஏதோ ஒன்று துள்ளி எழுகிறது. இதைப் படித்திருக்கிறேன். ஒரே ஒரு பத்தி, பரீட்சைக்கு முந்திய வாரம், மஞ்சள் பேனாவால் கோடு போட்டு. ஸ்கிளிரோமா. மூக்கில் உட்கார்ந்து வருடக்கணக்கில் மெதுவாகச் சதையை வளர்த்துக்கொண்டு, பிறகு மூச்சுக்குழாய்க்குள் இறங்குகிற ஒரு பாக்டீரியா. அபூர்வம் என்று எழுதியிருந்தது, வாழ்நாளில் ஒன்று பார்க்கலாம், பார்க்காமலும் போகலாம். நான் பார்த்துவிட்டேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், அந்த நிமிடம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. கை தானாகப் போனை எடுத்தது, பெயரை மறைத்துவிட்டு இந்த ஒரு வில்லையை மட்டும் எங்கள் டாக்டர்கள் குழுவில் போட்டு, என்னவென்று சொல்லுங்கள் பார்ப்போம் என்று கேட்டால், இருநூறு பேர் திணறுவார்கள், புற்று என்பார்கள், காசநோய் என்பார்கள், நான் சாயங்காலம்வரை பேசாமல் இருந்துவிட்டு விடையைச் சொல்வேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் இன்னும் அந்த நான்கு மில்லிமீட்டரில் இழுத்துக்கொண்டிருந்தாள்.

“மேடம், இவங்க பழைய ஆளுதான். செல்லக்கனி, வயசு முப்பத்தாறு. ரெண்டு வருஷம் முன்ன நெஞ்சு ஸ்கேன் நம்மகிட்டதான் எடுத்திருக்காங்க. எடுத்துப் போடவா, சேத்துப் பாக்குறீங்களா?” பேச்சிமுத்து கேட்டபோது போட்டுத் தாங்க என்றேன், சாதாரணமாக, டீ வேண்டுமா என்று கேட்டதற்குச் சொல்வதுபோல. பக்கத்துத் திரையில் பழைய படம் வந்தது, அதோடு பழைய அறிக்கையும். நுரையீரல்கள் இயல்பு. இதயம் இயல்பு. மூச்சுக்குழாயும் அதன் முதன்மைக் கிளைகளும் இயல்பு. கீழே என் பெயர். அந்த வரி எனக்குத் தெரியும், அது நான் எழுதியதுகூட இல்லை, எல்லா நெஞ்சு ஸ்கேனுக்கும் கணினியில் தயாராக இருக்கிற வரி, கோளாறு இருந்தால் அழித்து மாற்றவேண்டும், இல்லாவிட்டால் அப்படியே விடலாம். விட்டிருக்கிறேன். சக்கரத்தை உருட்டப் பயமாக இருந்தது. நெஞ்சு ஸ்கேன் என்பது கழுத்தின் அடியில்தானே ஆரம்பிக்கும், தொண்டை அதில் வராது, வந்திருக்காது, வராத இடத்தை நான் எப்படிப் பார்த்திருக்கமுடியும் என்று உருட்டுவதற்கு முன்பே எனக்குள் ஒரு வக்கீல் எழுந்து பேசத் தொடங்கிவிட்டாள். உருட்டினேன். முதல் வில்லை, இரண்டாவது வில்லை. மூன்றாவதில் இருந்தது. வட்டம் வட்டமாக இல்லை. எட்டு மில்லிமீட்டர். சுவரில் இரண்டு மேடு, நடுவில் ஒரு குழி, இப்போது இருப்பதைவிடச் சின்னது, ஆனால் அதேதான். மூன்று, நான்கு, ஐந்து, ஆறு வரைக்கும் இருந்தது. நான்கு வில்லைகள். முந்நூறு வில்லைகளில் நான்கு என்றாள் அந்த வக்கீல். நான்கும் முதல் ஆறுக்குள் என்றாள் வேறொருத்தி. பேச்சிமுத்து என் திரையைப் பார்க்கிறாரா என்று பார்த்தேன். அவர் அவளைக் கட்டிலிலிருந்து இறக்க எழுந்து போயிருந்தார். பழைய படத்தை மூடினேன். பிறகு திறந்தேன். பிறகு மூடினேன், மறுபடியும் திறந்தேன்.

அன்றைக்கு என்ன நடந்தது என்று தேடுகிறேன். ஒரு வியாழக்கிழமை, அறிக்கையில் நேரம்கூட இருக்கிறது, பிற்பகல் இரண்டு பத்து. வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லாமல் இருந்திருக்கலாம். அம்மாவின் ஆபரேஷன் அந்த மாதமா, இல்லை, அது அதற்கு முந்தின வருடம். மகளுக்குப் பரீட்சை முடிவு, அதுவும் இல்லை. தலைவலி, எனக்கு அடிக்கடி தலைவலி வரும், அன்றைக்கும் வந்திருக்கலாம். போனில் அந்தத் தேதிக்குப் போய்ப் படங்களைத் தேடினேன், ஒரு சாவு, ஒரு காய்ச்சல், ஏதாவது ஒன்று கிடைத்தால் போதும் என்று. திரைச்சீலைத் துணிகளின் படங்கள் நான்கு இருந்தன. வண்ணார்பேட்டையில் ஒரு கடை, இளநீலத்தில் ஒன்று, பழுப்பில் மூன்று. இரண்டு மணி ஐந்து நிமிடத்துக்கு என் தங்கைக்கு அனுப்பியிருக்கிறேன், எது நல்லாயிருக்கு என்று கேட்டு. அவ்வளவுதான். அன்றைக்கு எனக்கு எந்தத் துக்கமும் இல்லை. சாப்பிட்டு முடித்த நல்ல மதியம், துணி தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தேன், ஒரு பெண்ணின் மூச்சுக்குழாய் சக்கரத்தின் ஒரே உருட்டலில் என் கண்முன்னால் கடந்து போயிருக்கிறது. இது ஏன் தாங்கமுடியாததாக இருக்கிறது என்று தெரியவில்லை. அழுதுகொண்டிருந்தவள் செய்த பிழை என்றால் தாங்கியிருப்பேன்போல. அந்தத் துணி இப்போதும் என் வீட்டு ஜன்னலில் இருக்கிறது, பழுப்பு.

போன் அடிக்கிறது. காது மூக்கு தொண்டை டாக்டர் கோமதிநாயகம், அவர்தான் இவளை அனுப்பியவர். “என்ன மேடம், பாத்தீங்களா? சத்தத்தைக் கேட்டீங்கள்ல?” பார்த்தேன் சார், குரல்வளைக்குக் கீழே நான்கு மில்லிமீட்டர்தான் இருக்கிறது, வீட்டுக்கு விடாதீர்கள், இன்றைக்கே சேர்த்துவிடுங்கள் என்றேன், கோர்வையாகத்தான் பேசினேன், மூக்கில் இருக்கிற சதையைச் சொன்னேன், குழிகளைச் சொன்னேன், ஸ்கிளிரோமாவாக இருக்கலாம் என்றும் சொன்னேன். “எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்துச்சு மேடம். ஆனா ஒண்ணு இடிக்குது. ரெண்டு வருஷம் முன்ன எடுத்த ஸ்கேன்ல மூச்சுக்குழாய் நார்மல்னு எழுதியிருக்கு, அவங்க வீட்டுக்காரர் கொண்டுவந்து காட்டினார். ஸ்கிளிரோமா மெதுவா வர்றது. ரெண்டு வருஷத்துல ஒண்ணுமில்லாம இருந்தது இவ்வளவு அடைச்சிருக்குன்னா நான் முதல்ல கேன்சரைத்தான் நினைக்கணும். சதை எடுத்து டெஸ்டுக்கு அனுப்புனாலும் முடிவு வர ஒரு வாரம் ஆகும், அதுவரைக்கும் என்ன மருந்து குடுக்குறதுன்னு பாக்கணும்ல. அந்தப் பழைய படம் உங்ககிட்ட இருக்கா?” தேடிப் பார்த்துச் சொல்றேன் சார் என்றேன். அப்படித்தான் சொன்னேன். ஒரு அடி தூரத்தில் திரையில் அது ஒளிர்ந்துகொண்டிருக்கும்போது தேடிப் பார்த்துச் சொல்றேன் என்றேன். போனை வைத்தபிறகும் அந்த வாக்கியம் வாயில் இருந்தது, மாத்திரை நாக்கில் ஒட்டிக்கொண்டதுபோல. கிடைக்கவில்லை என்று சொல்லிவிடலாம், பழைய படங்கள் அழிந்துபோவது எல்லா இடத்திலும் நடக்கிறதுதான். அல்லது இருக்கிறது, ஆனால் கழுத்துப் பகுதி அதில் சரியாக வரவில்லை என்று எழுதலாம், அதில் பாதி உண்மை இருக்கிறது, பாதி உண்மையை மறுத்து யார் வழக்குப் போடுவார்கள். வழக்கு. என் பெயர் செய்தித்தாளில். சென்டர் முதலாளி கூப்பிட்டு உட்காருங்கள் என்று சொல்கிற விதம். மகளுடைய கல்லூரி நண்பர்கள் வாசிப்பார்கள். ஆனால் மறைத்தால் அவர் கேன்சர் என்று நினைப்பார், ஒரு வாரம் அப்படி நினைத்துக்கொண்டிருப்பார், அவளும் நினைப்பாள், சரியான மருந்து தள்ளிப்போகும். அப்படியானால் நான் அவளை இரண்டாவது தடவையும் பார்க்காமல் விடுகிறேன், இந்தத் தடவை துணிக்கடைப் படம் எதுவும் கையில் இல்லாமல்.

பேச்சிமுத்து கதவருகே வந்து நிற்கிறார். “மேடம், அவங்க வெளிய உக்காந்திருக்காங்க. கோமதிநாயகம் சார் ஆம்புலன்ஸ் அனுப்புறாராம். நீங்க ஒரு வார்த்தை பேசுறீங்களா? அந்தம்மா ரொம்பப் பயப்படுறாங்க.” நான் நோயாளிகளிடம் பேசுவதில்லை என்பது அவருக்குத் தெரியும். எதற்காகக் கேட்கிறார், எதைப் பார்த்தார், பழைய படத்தை அவரே எடுத்துப் போட்டவர், பதினைந்து வருடம் படம் எடுக்கிறவர், மூன்றாவது வில்லையில் ஒரு குழியைக் கண்டுபிடிக்கத் தெரியாதா. முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அவர் ஒன்றும் தெரியாமலே கேட்டிருக்கலாம். நான் எழுந்தேன், எழுந்தது அவருக்குப் பயந்தா என்று எனக்கு இன்றுவரை நிச்சயமில்லை. கூடத்தில் ஏழெட்டுப் பேர், கால் கட்டோடு ஒரு கிழவர், வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண், டிவியில் சத்தமில்லாமல் சமையல். அவள் ஓரத்து நாற்காலியில் முன்னால் குனிந்து, இரண்டு கையையும் முட்டியில் ஊன்றி உட்கார்ந்திருந்தாள், மூக்கு அகன்று தடித்திருந்தது, அதைப் படத்திலிருந்தே நான் ஊகித்திருக்கவேண்டும், முகம் சின்னது. பக்கத்தில் புருஷன், காக்கிச் சட்டை, மடியில் பிளாஸ்டிக் பை. நான் டாக்டர் என்றதும் அவர்தான் எழுந்தார். “கும்பிடுதேன் டாக்டரம்மா. முப்பிடாதி. லோடு ஆட்டோ ஓட்டுதேன். இவளுக்கு என்னம்மா? போன தடவ இங்கதான் எடுத்தோம், அப்ப ஒண்ணுமே இல்லன்னு குடுத்திய. பாருங்க.” பையிலிருந்து எடுத்தார். லேமினேட் செய்திருந்தார்கள். என் கையெழுத்தின்மேல் பிளாஸ்டிக் பளபளத்தது. எதற்கு லேமினேட் செய்தீர்கள் என்று கேட்டேன், வேறு எதையும் கேட்கத் தெரியாமல்.

அவள் பதில் சொன்னாள், ஒவ்வொரு நான்கு வார்த்தைக்கும் நடுவில் அந்தக் கிழிசல் சத்தம், குரல் மண்ணில் தேய்த்ததுபோல. “எங்க அத்தைதான் செய்யச் சொன்னாவ. எனக்கு மூச்சு முட்டுதுன்னு... சொல்லும்போதெல்லாம் அத எடுத்துக் காட்டுவாவ. பெரிய மிஷின்லயே ஒண்ணுமில்லன்னு... போட்டிருக்கு, ஒனக்கு என்னட்டி நடிப்புன்னு.” முப்பிடாதி தரையைப் பார்த்தார். “அப்பிடியெல்லாம் இல்லம்மா. ஆஸ்துமா மருந்து எல்லாம் வாங்கிக் குடுத்தோம். கேக்கல. அப்புறம் மனசு டாக்டர்ட்டயும் கூட்டிட்டுப் போனோம், அவரும் இந்த ரிப்போர்ட்ட பாத்துட்டுத்தான் மாத்திர குடுத்தாரு.” அவள் நிறுத்தவில்லை. “பால்வாடியில ஆயாவா இருந்தேன். பிள்ளைக என் சத்தத்தக் கேட்டுப் பயப்படுதுன்னு... நிப்பாட்டிட்டாவ. படுத்தா முட்டும், உக்காந்தே தூங்குவேன். இவுக என்கிட்ட கேட்டாவ... ஒனக்கு வேல செய்ய வலிக்குதா, அதான் இப்பிடியான்னு. நானே நம்பிட்டேன் டாக்டரம்மா. நம்ம மனசுதான் போலன்னு.” நானே நம்பிட்டேன். இதை அவள் சொன்னபோது எனக்கு வழக்கு, செய்தித்தாள், முதலாளி எதுவும் ஞாபகம் வரவில்லை, தைரியம் வந்துவிட்டது என்று இதற்குப் பெயர் வைக்கமாட்டேன், ஒரு கூச்சம், உடம்பிலிருந்து துணி நழுவினால் குனிந்து எடுக்கிற அவசரம், அதுமாதிரி ஒன்று. அவள் முன்னால் இருந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். “செல்லக்கனி, உங்களுக்கு மூச்சுக்குழாய் சுருங்கியிருக்கு. கிருமியால வந்தது, மருந்து இருக்கு, மாசக்கணக்கில சாப்பிடணும். அடைப்பு அதிகமா இருக்கறதால தொண்டையில துளை போட்டு ஒரு குழாய் வைக்கவேண்டி வரலாம். குணமாகும். இன்னொண்ணு. இது ரெண்டு வருஷம் முன்ன எடுத்த படத்துலயே இருந்தது. நான் பார்க்கல. இயல்புன்னு எழுதிட்டேன். அந்தக் கையெழுத்து என்னோடது.”

யாரும் கத்தவில்லை. நான் எதிர்பார்த்தது கத்தலை, அதற்கு என் தோள்கள் தயாராக இருந்தன. முப்பிடாதி, “அப்ப அவ சொன்னது...” என்று ஆரம்பித்து முடிக்காமல், கையிலிருந்த அட்டையைப் புரட்டிப் பின்பக்கத்தைப் பார்த்தார், பின்பக்கம் வெறும் வெள்ளை. அவள் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். மன்னிப்பாளா என்று நான் பார்த்தேன், அதையும் ஒத்துக்கொள்கிறேன், அவள் முகத்தில் எனக்குத் தேவையானதைத் தேடினேன், கிடைக்கவில்லை. “அத எழுதித் தாங்க” என்றாள். புது ரிப்போர்ட் தருவேன், ஆம்புலன்ஸிலேயே கொடுத்தனுப்புவேன் என்றேன். “அது இல்ல. இப்ப சொன்னியல்லா, அப்பவே இருந்துச்சு, நீங்க பாக்கலன்னு. அத. வாய்ல சொன்னா... எங்க வீட்டுல நம்பமாட்டாவ. தாள்ல இருக்கணும்.” புருஷன், “ஏட்டி, மொத ஆசுபத்திரிக்குப் போவம், அப்புறம் பாத்துக்கிடலாம்” என்று அவள் தோளைத் தொட்டார். அவள் அந்தக் கையைத் தோளிலிருந்து எடுத்து விட்டாள். “அது வாங்காம வரமாட்டேன்.”

உள்ளே போய் முதலில் கோமதிநாயகத்தைக் கூப்பிட்டேன். பழைய படம் இருக்கிறது சார், நீங்கள் கேட்டபோதே இருந்தது, அப்போதே எட்டு மில்லிமீட்டராகச் சுருங்கியிருக்கிறது, அதே குழிகள், நான் பார்க்கத் தவறிவிட்டேன், மெதுவாக வந்ததுதான் என்றேன். “சரி மேடம். அப்ப மருந்தை இன்னைக்கே தொடங்கிடுறேன்” என்றார், பிறகு குரலைத் தாழ்த்தி, “எழுத்துல குடுப்பீங்களா?” என்று கேட்டார். அவருக்கும் தாள்தான். எழுத உட்கார்ந்தேன். வந்து நின்ற அந்தத் தயார் வரிகள் அத்தனையையும் அழித்தேன், பக்கம் வெள்ளையாகக் கிடந்தது. முதலில் அளவுகள், பிறகு சதை, குழிகள், என் கருத்து. அதற்குக் கீழே, முந்தைய படத்துடன் ஒப்பிட்டதில் என்று ஆரம்பித்துவிட்டு நின்றேன். காணப்படுகிறது, அறியப்படுகிறது என்று யாரும் செய்யாததுபோல எழுதுவதுதான் எங்கள் வழக்கம், அந்த மொழியில் ஆளே கிடையாது. ஆளைப் போட்டு எழுதினேன். பேச்சிமுத்து அச்சடித்த தாளை எடுத்துக் கொடுக்கும்போது அதை வாசித்தார், வாசித்ததை மறைக்கவில்லை, “சீல் வைக்கணும்ல மேடம்” என்று மட்டும் சொல்லி மேசையிலிருந்து எடுத்து நீட்டினார்.

ஆம்புலன்ஸ் வாசலில் வந்து நின்றுவிட்டது. அவளைச் சக்கர நாற்காலியில் ஏற்றியிருந்தார்கள், முகத்தில் ஆக்சிஜன் மாஸ்க். தாளை வாங்கினாள், எழுத்துகளின்மேல் விரலை ஓட்டினாள், “இங்கிலீசுல இருக்கு” என்றாள். ஆமாம், டாக்டருக்கு வேண்டுமே என்றேன். மாஸ்க்கைக் கையால் சற்று விலக்கி, “தமிழ்ல வாசிங்க. இவுக கேக்கட்டும்” என்றாள். கூடம் முழுக்க ஆட்கள். கால் கட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார், ரிசப்ஷன் பெண் போனைக் காதிலிருந்து எடுத்தாள். முதலாளியின் அறைக் கதவு பாதி திறந்திருந்தது. நான் வாசித்தேன். செல்லக்கனி என்பவருக்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன் எடுத்த படத்திலேயே மூச்சுக்குழாய்ச் சுருக்கம் இருந்தது. அப்போது அதை ஹெப்சிபா ஆகிய நான் கவனிக்காமல் இயல்பு என்று எழுதினேன், அது தவறு. அவர் சொல்லிவந்த மூச்சுத் திணறலுக்கு அப்போதே உடலில் காரணம் இருந்தது. என் குரல் கடைசி வரியில் உடைந்தது, உடையாமல் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும், அழுகிற டாக்டரைப் பார்த்துக்கொண்டிருக்க அவளுக்கு மூச்சு இல்லை. முப்பிடாதி சுவரோடு சாய்ந்து நின்று சட்டைக் காலரால் முகத்தைத் துடைத்தார். டிரைவர் உள்ளே வந்து, “போலாமா?” என்று கேட்டார். அவள் கையை உயர்த்தி அவரை நிறுத்தினாள். புருஷனைப் பக்கத்தில் வரச் சொல்லி, அவர் வந்து குனிந்து நின்றபிறகு, என்னைப் பார்த்துச் சொன்னாள்.

“இன்னொருக்க வாசிங்க.”

நான் முதல் வரியிலிருந்து தொடங்கினேன்.